சாட்சிப் பொட்டிக்கு நேரம் வெச்ச கதை

கோர்ட்ல என் கேமரா வீடியோ செல்லாதுன்னுட்டாங்க. அதனால என் மச்சினன் செய்யாத திருட்டுக்கு ஒன்றரை மாசம் உள்ள கிடந்தான். கடை ஏன் அடிக்கடி பூட்டிக் கிடந்துச்சுன்னு கேட்டீங்கல்ல. அதான். வாட்சைக் கொடுங்க.

கண்ணாடி மேல கை வைக்காதீங்க, ரேகை படியும்.

பேட்டரி மாத்தணுமா? பேட்டரின்னு நீங்களே முடிவு பண்ணிட்டா நான் எதுக்கு உட்கார்ந்திருக்கேன். உள்ள தண்ணி போயிருக்கு தம்பி. இதோ, முள்ளுக்குக் கீழ ஆவி. கையில கட்டிக்கிட்டே குளிச்சீங்களா? தண்ணி போகாதுன்னு பின்னாடி எழுதியிருக்கா... எழுதினவன் குளிச்சுப் பார்த்தானா? உட்காருங்க, காயணும். அந்த ஸ்டூல் ஆடும். இந்தப் பெஞ்சுல உட்காருங்க. இந்த பெஞ்சுலதான் அவனும் உட்கார்ந்திருந்தான்.

அவன்னா என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. எலக்ட்ரீசியன். வயரைத் தொட்டு வேலை பாக்கறதை விட வாயால பாக்கறது ஜாஸ்தி. ஒரு பல்பு மாட்ட வந்தான்னா, பல்பைக் கண்டுபிடிச்சதே இவன்தான்ங்கிற மாதிரி பேசுவான். தினம் வேலை முடிஞ்சு இங்க வந்து உட்காருவான். நான் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு சாமணத்துல ஒரு திருகாணியைப் பிடிச்சிருப்பேன், மூச்சு விட்டா பறந்துடும், அப்பதான் "மாமா, ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க"ம்பான். ஒரு விஷயம். நாலு மணி நேரம் ஓடும். எனக்கு அதிகம் பேசறவங்களைக் கண்டாலே ஆகாது.

என்ன சிரிக்கறீங்க?

அன்னிக்கும் அப்படித்தான். வெயில்ல வீட்டு மொட்டை மாடியை எப்படிக் குளிர வைக்கிறதுன்னு எனக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தான். எதிர்ல பாருங்க, மொபைல் கடை. அந்தக் கடைக்காரன் எட்டு மணிக்கு டீ குடிக்கப் போறேன்னு கண்ணாடிக் கதவை வெறுமனே சாத்திட்டுப் போயிருக்கான். பூட்டல. லட்ச லட்சமா சாமானை வெச்சுக்கிட்டு பூட்டாம போறவனை என்ன சொல்ல. எவனோ ஒருத்தன் தொப்பி போட்டுக்கிட்டு உள்ள போய், ஒரு பை நிறைய போனை அள்ளிக்கிட்டுப் போயிட்டான். கடைக் கேமரால என்ன தெரியுது? முதுகு. நீலச் சட்டை, கோடு போட்டது. அவ்வளவுதான்.

"இந்த முதுகு எனக்குத் தெரியும்"னு அந்தக் கடைக்காரன் சொன்னானே பார்க்கணும். கூடப் பொறந்தவனே முதுகைப் பார்த்து அடையாளம் சொல்ல மாட்டான். இவன் சொல்றான். ஏன்னா என் மச்சினன்தான் அந்தக் கடைக்கு வயரிங் பண்ணினவன். பண்ணி முடிச்சதும் நடுத்தெருவுல ரெண்டு பேருக்கும் வாய்த் தகராறு. அவன்கிட்டயும் ஒரு நீலக் கோடு சட்டை இருந்துச்சு. மூலைத் துணிக்கடைல ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டாங்க, தெருவுல பாதி ஆம்பளை அந்தச் சட்டைதான். என்கிட்ட ஒண்ணு இருக்கு. புகார் கொடுத்த அவன்கிட்டயே ஒண்ணு இருக்கு.

பிடிச்சிட்டுப் போயிட்டாங்க.

நான் பதறல. எதுக்குப் பதறணும்? அந்த நேரம் அவன் இங்க உட்கார்ந்திருந்தான், என் கேமரா பார்த்திருக்கு. அதோ மூலைல மாட்டியிருக்கு பாருங்க, அது பாக்கறதையெல்லாம் ஒரு பொட்டி பதிஞ்சு வெச்சுக்கும். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். "மாமன் சொன்னா மச்சானுக்குச் சாட்சியா?"ன்னு கேட்டாங்க. நான் சொல்றதை விடுங்கய்யா, பொட்டி சொல்றதைக் கேளுங்கன்னேன். பொட்டிக்கு மாமன் மச்சான் கிடையாதே.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தாரு. வழுக்கை. நல்ல மனுசன்தான், ஆனா தும்மிக்கிட்டே இருந்தாரு. டிவியில போட்டுக் காட்டினேன். இந்தா பெஞ்சு, இந்தா மச்சினன், கையை ஆட்டி ஆட்டிப் பேசறான். கேமராவுக்குக் காது கிடையாது, கொடுத்து வெச்சது. "எத்தனை மணிக்கு?"ன்னாரு. மூலைல எழுத்துல ஓடுதே, பாருங்கன்னேன். பார்த்தாரு. ஏழு பத்துன்னு ஓடுது.

எட்டு மணிக்குத் திருட்டு. இது ஏழு பத்துன்னு காட்டுது.

பொட்டிக்குள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கும் தம்பி, கரண்டு போனா நேரத்தைத் தாங்கிப் பிடிக்க. அது சோர்ந்து போச்சு. ஒவ்வொரு தடவை கரண்டு போறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போய், முக்கால் மணி தள்ளி ஓடியிருக்கு. தினம் இருபது பட்டன் பேட்டரி மாத்தறேன் நான். சொல்லிக் காட்டுங்க, எல்லாரும் சொல்லிட்டாங்க.

"அது பின்னாடி ஓடுது சார், முக்கால் மணி சேர்த்துக்குங்க"ன்னேன். "சேர்த்துக்கறதுக்கும் கழிச்சுக்கறதுக்கும் இது என்ன கறிகாய்க் கடையா?"ன்னாரு. சொல்லிட்டு என்ன பண்ணாரு தெரியுமா? தன் போனை எடுத்து, டிவியைப் படம் பிடிச்சாரு. படத்தைப் படம் பிடிக்கிறாரு. இடையில ரெண்டு தும்மல். நாளைக்கு வந்து முறையா காப்பி எடுத்துக்கறேன்னு போயிட்டாரு. பொட்டியைத் துணியில கட்டி முத்திரை போட்டு எடுத்துட்டுப் போயிருக்கணும். ஒண்ணும் பண்ணல. போனாரு.

போனாரா... நான் உட்கார்ந்து அந்த டிவியைப் பாக்கறேன். மூலைல தப்பு நேரம். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகப் போகுது. வாட்ச் கடைப் பொட்டி. முக்கால் மணி தப்பு. நீதிபதி பார்ப்பாரு, வக்கீலுங்க பார்ப்பாங்க. என்ன சொல்வாங்க? தெருவுக்கே நேரம் சொல்றவன் கடையில பொட்டிக்கு நேரம் தெரியலன்னு சிரிக்க மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க. உங்க சட்டையில கறை, கல்யாணத்துக்குக் கிளம்பறீங்க. மாத்த மாட்டீங்களா?

பேட்டரியை மாத்தினேன். நேரத்தை வெச்சேன். நொடி பிசகாம.

அதுதான் குத்தமாம்.

இருங்க, மூடியைக் கழட்டறேன். ம். துரு இன்னும் ஏறல. தப்பிச்சீங்க.

மறுநாள் வந்து பென்டிரைவ்ல காப்பி எடுத்துட்டுப் போனாரு அந்த வழுக்கை. சட்டைப் பைல போட்டுக்கிட்டாரு. சாவியோட, சீப்போட. வழுக்கைக்கு எதுக்குச் சீப்புன்னு நான் கேக்கல. கோர்ட்ல அந்தப் பென்டிரைவைத் திறந்தா முதல்ல என்ன வருது? அவர் பொண்ணு பிறந்தநாள். கேக்கு வெட்டறாங்க. குழந்தை அழுவுது. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டாரு. "இதுல எது குற்றம்?"னு கேட்டாரு.

நம்ம வக்கீல் எழுந்து, சாட்சி இதுல இல்ல, மூலப் பொட்டியே எங்ககிட்ட இருக்குன்னாரு. அதைக் கையோட கழட்டிக் கொண்டாரச் சொல்லி தன் பீரோல பூட்டி வெச்சிருந்தாரு, அதுவரைக்கும் புத்திசாலி. ஆனா பொட்டியைக் காட்டினா மட்டும் போதாதாம் தம்பி. பொட்டிக்குப் பொறுப்பானவன் ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். இது என் பொட்டி, இன்ன நாள்ல பதிஞ்சது, அப்ப ஒழுங்கா வேலை செஞ்சதுன்னு. வக்கீல் டைப் அடிச்சு நீட்டினாரு. படிச்சேன். "ஒழுங்காக இயங்கியது." எப்படிப் போடுவேன்? முக்கால் மணி பின்னாடி ஓடினதை ஒழுங்கா ஓடிச்சுன்னு நான் கையெழுத்துப் போடுவேனா? என் தொழில் என்ன? அந்த வரியை அடிச்சிட்டு, பக்கத்துல பேனாவால எழுதினேன். "நேரம் தப்பாக ஓடியது. நான் சரி செய்துவிட்டேன்."

வக்கீல் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. எதுக்கு வெச்சுக்கிட்டாருன்னு அப்ப புரியல.

அரசு வக்கீல் ஒரு அம்மா. ஒல்லி. குரலை உயர்த்தவே மாட்டாங்க, அதுதான் ஆபத்து. கூண்டுல ஏத்தினாங்க என்னை.

"நீங்கதான் நேரத்தை மாத்தினீங்களா?"

ஆமாம்மா, தப்பா இருந்துச்சு.

"எவ்வளவு தப்பு?"

முக்கால் மணி, கூட ரெண்டு நிமிஷம்.

"அதை யாராவது பார்த்தாங்களா? மாத்தறதுக்கு முன்னாடி படம் எடுத்தீங்களா? பக்கத்துல சரியான கடிகாரத்தை வெச்சு வித்தியாசம் காட்டினீங்களா?"

நானே சரியான கடிகாரந்தாம்மான்னேன். சிரிச்சாங்க. கோர்ட்டே சிரிச்சுது. அந்த வழுக்கையைக் கேட்டா, எனக்கு ஞாபகம் இல்லைன்னுட்டாரு.

அந்தம்மா விடல. "உங்க கடையில சுவர் பூரா கடிகாரம் மாட்டியிருக்கே, வீடியோல எண்ணிப் பார்த்தா முப்பத்தாறு. அதுல ஒண்ணுகூட நேரம் காட்டலையா?"

திரும்பிப் பாருங்க தம்பி. எல்லாம் பத்து பத்து. விக்கிற கடிகாரத்துக்கு எவனாவது பேட்டரி போட்டு மாட்டுவானா? பத்து பத்துல வெச்சா முகம் விரிஞ்ச மாதிரி இருக்கும், வாங்கறவனுக்குப் பிடிக்கும். இது தொழில். "அப்ப உங்க கடையில எப்பவுமே பத்து பத்துதானா?"ன்னு கேட்டாங்க. ஓடற கடிகாரம் ஒண்ணு இருக்கும்மா, நொடி பிசகாதுன்னேன். "அது வீடியோல எங்க?"ன்னாங்க.

அது எங்க மாட்டியிருக்கு தெரியுமா. அண்ணாந்து பாருங்க. கேமராவுக்கு நேர் மேல. முப்பத்தாறு செத்த கடிகாரத்தையும் பாக்குது, உசுரோட இருக்கிற ஒண்ணு அது தலைக்கு மேல ஓடுது. கேமரா மாட்ட வந்தவன் "இங்க ஆணி ஏற்கெனவே இருக்கு சார்"னு மாட்டிட்டுப் போயிட்டான். ஒரு ஆணி அடிக்கச் சோம்பல்பட்டவனாலதான் இத்தனையும்.

சரி. நானும் கொஞ்சம்.

அப்பறம்தான் அந்தம்மா முடிச்சாங்க. மெதுவா. பொட்டிக்குள்ள ஒரு பதிவு இருக்காம், எவன் எப்ப என்ன மாத்தினாலும் அதுவே குறிச்சு வெச்சுக்கும், எவ்வளவு மாத்தினாங்கன்னு மட்டும் குறிக்காது. சம்பவத்துக்கு அடுத்த நாள், போலீஸ் வந்துட்டுப் போன பிறகு, குற்றம் சாட்டப்பட்டவனோட மாமா நேரத்தை மாத்தியிருக்காருன்னு அது சொல்லுது. அன்னிக்கு வரைக்கும் எவ்வளவு தள்ளி ஓடிச்சுங்கிறதுக்கு இருந்த ஒரே அத்தாட்சி, அந்தத் தப்பா ஓடின நேரந்தான். அதைத் திருகி நேர்ல வெச்சுட்டேன். இனிமே முக்கால் மணிங்கிறது என் வாய் வார்த்தை. பொட்டியை நம்பினா, அவன் ஏழு பத்துக்கு எதிர்க்கடைக்கு எதிர்லயே உட்கார்ந்திருக்கான். திருட்டுச் சத்தம் கேட்டு அவன் எழுந்து போனது பொட்டிக் கணக்குல ஏழரை, எட்டு மணிக்குத் தெருவைத் தாண்டினா முடிஞ்சுது. காப்பாத்தக் கொண்டு போன வீடியோ, "பாருங்க, பக்கத்துலயேதான் இருந்திருக்கான்"னு அவனையே காட்டிக் கொடுத்துச்சு. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டா மாதிரி.

ஜாமீன் இல்லைன்னுட்டாங்க.

போய்ப் பார்த்தேன் அவனை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். பேசவே இல்ல. பாக்கறதுக்குக் கொடுத்த நேரம் பூராவும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.  ரேடியோ மாதிரி வாயாடறவன், பேச்சு செத்துப் போயி... கடைசில எழுந்திருக்கும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டான். "மாமா, வீடியோ இருக்குல்ல?"

இருக்குடான்னேன். வேற என்ன சொல்ல.

வீட்டுல இன்னும் மோசம். என் பொண்டாட்டி சோறு போடுவா, தண்ணி வெப்பா, பேச மாட்டா. ஒரே ஒரு நாள் சொன்னா. "ஊர்ல இருக்கிற கடிகாரமெல்லாம் சரியா ஓடணும் உங்களுக்கு. என் தம்பிக்கு நேரம் எப்படி ஓடினா என்ன." அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி தினம் ராத்திரி கடைக்கு போன் பண்ணுவா. எப்ப வரீங்க, வெங்காயம் இருக்கா, தம்பி வந்தானா, சாப்பிட்டானா, அவன்கிட்ட எரிஞ்சு விழாதீங்க... தினம். சாமணத்துல திருகாணியைப் பிடிச்சிருக்கும்போதுதான் அடிக்கும். அக்காளும் தம்பியும் பேசி வெச்சுக்கிட்டு வர மாதிரி. எடுத்து "வேலையா இருக்கேன், வை"ன்னு வெச்சிடுவேன். அந்த ஒன்றரை மாசம் ஒரு போன் இல்ல. கடை அமைதியா இருந்துச்சு. வேலை ஓடல தம்பி.  ரெண்டு வாட்ச்சு முள்ளை உடைச்சேன். நான்.

ஸ்ட்ராப்பும் போச்சு உங்களுது. மாத்தணுமா? வேண்டாம்னா விடுங்க, அறுந்து விழுந்தா என்னைச் சொல்லாதீங்க.

வக்கீல் மறுபடி வரச் சொன்னாரு. இந்தத் தடவை விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரைக் கூட்டி வெச்சிருந்தாரு. பொட்டியில இருக்கிறதைத் தொடாம நகல் எடுக்கிறவரு. எடுத்ததும் நீளமா ஒரு எண்ணு வருது, எழுத்தும் எண்ணும் கலந்து, வாட்ச் நம்பர் மாதிரி. வீடியோல ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண்ணு பூரா மாறிடுமாம். அசலுக்கும் நகலுக்கும் ஒரே எண்ணு வந்தா, எவனும் கை வைக்கலன்னு அர்த்தம். நல்ல ஏற்பாடுதான். ஆனா நேரம்? நேரத்துக்கு அவரும் கையை விரிச்சிட்டாரு. வெளியில இருந்து ஏதாவது ஒரு நேரம் கிடைச்சாத்தான் உண்டு, வீடியோல நடக்கிற ஏதாவது ஒண்ணு வேற எங்கயாவது பதிவாகியிருக்கணும்னாரு. ரோட்ல ஆம்புலன்ஸ் போச்சா, கரண்டு போச்சா, வாடிக்கையாளர் யாராவது கார்டு தேய்ச்சாங்களான்னு கேட்டாரு. மச்சினன் பேசிக்கிட்டிருக்கும்போது எந்த வாடிக்கையாளர் உள்ள வருவான்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறோம். வக்கீல், அந்த ஆளு, நான். பொண்டாட்டியும் வந்திருந்தா. கதவு ஓரமா நின்னா, யாரும் நாற்காலி போடல. நானும் போடல, சொல்லிக் காட்ட வேண்டாம். வீடியோல மச்சினன் கையை ஆட்டறான். நான் குனிஞ்சு வேலை பாக்கறேன்.

திடீர்னு பின்னாடிலேர்ந்து அவ குரல். "பாருங்க வக்கீல் சார். இதோ. இப்படித்தான் தினமும்."

என்னம்மான்னாரு வக்கீல்.

"நான்தான் போன் பண்றேன். தம்பி இருக்கானா, சாப்பிட்டானான்னு கேக்கறதுக்குள்ள மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு வெச்சிட்டாரு பாருங்க. கட்டினவகிட்ட பேசற லட்சணமா இது? நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க."

அவ கேஸுக்காகச் சொல்லல தம்பி. சத்தியமா இல்ல. என்னைப் பத்திப் புகார் சொன்னா. வாழ்நாள் பூரா வெச்சிருந்த புகார், சாட்சியோட கிடைச்சிடுச்சு அவளுக்கு, விடுவாளா. நான் பல்லைக் கடிச்சேன். வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு எழுந்துட்டாரு. "நிறுத்துங்க. திரும்பப் போடுங்க"ன்னாரு.

வீடியோல நான் போனை எடுத்துக் காதுல வெச்சு, ஒரு வார்த்தை சொல்லி, வெச்சிடறேன். மூலைல ஏழு பத்து.

அவ போன்ல அன்னிக்குப் பண்ணின கால் நேரத்தோட இன்னும் இருந்துச்சு. அவ எதையும் அழிக்க மாட்டா, எப்பவோ வந்த விளம்பரம்கூட இருக்கும். ஆனா அதைக் காட்டினா போதாது, அந்தம்மா தோலை உரிச்சிடுவாங்கன்னு வக்கீலுக்கு இந்தத் தடவை புத்தி வந்துச்சு. கோர்ட் மூலமா போன் கம்பெனிக்கே கேட்டு எழுதினாரு. கம்பெனிக்காரன் பதிவை அனுப்பினான், தன் சான்றிதழோட, முத்திரையோட. அன்னிக்கு அவ நம்பர்லேர்ந்து என் நம்பருக்கு ஒரே கால். ஏழு ஐம்பத்தேழு. பேசின நேரம் நாலு நொடி.

நாலு நொடி. நீதிபதி அதைப் படிச்சிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. அந்தப் பார்வைக்கு ஜாமீன் கிடையாது.

ஏழு பத்துக்கும் ஏழு ஐம்பத்தேழுக்கும் எவ்வளவு? முக்கால் மணி, கூட ரெண்டு நிமிஷம். நான் சொன்னேனா இல்லையா? கூண்டுல ஏறி நின்னு சொன்னேன், சிரிச்சாங்க. இப்ப சரியான நேரத்துக்குக் கணக்குப் போட்டா, எதிர்க்கடையில எவனோ பையை நிரப்பிக்கிட்டு இருக்கும்போது, இவன் இந்தப் பெஞ்சுல உட்கார்ந்து மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருக்கான், வாயால. முடிஞ்சுது. அந்தம்மாவே எழுந்து, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னுட்டாங்க. போகும்போது என்கிட்ட நின்னு, "அய்யா, இனிமே தப்பா ஓடினா தப்பாவே விடுங்க"ன்னாங்க.

அந்தப் புதுப் பொட்டி மேல ஒட்டியிருக்கே, படிச்சீங்களா? "கை வைக்காதீங்க." வீட்டுக்காரி எழுதி ஒட்டினது. நாலு நிமிஷம் முன்னாடி ஓடுது அது. தெரியும் எனக்கு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஜெயிலுக்குப் போகாமலே தண்டனை.

வெளிய வந்தவன் எல்லார்கிட்டயும் வக்கீல் காப்பாத்தினாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். வக்கீல் தன் அறிவுதான்னு சொல்லிக்கறாரு. அந்த வழுக்கைப் போலீஸ் இருக்காரே, விசாரணை முறையா நடந்ததாலதான் உண்மை தெரிஞ்சுதுன்னு டீக்கடையில சொல்றாராம். தும்மிக்கிட்டே.

இந்தாங்க வாட்சு. ஓடுது. எங்க அவசரம், எழுந்துட்டீங்க? கதவைப் பார்த்துக்கிட்டே நிக்கறீங்க. கேட்டது நீங்கதானே. யாரு சரி பண்ணினதுன்னு சொல்றதுக்குள்ள...

இருங்க, போன் அடிக்குது.

ம். சொல்லு. ... வந்துட்டான், வெளிய நின்னு மொபைல் கடைக்காரனுக்கு எர்த் ஒயரைப் பத்திப் பாடம் எடுக்கறான். ... சாப்பிடல போல. ... இல்ல, எரிஞ்சு விழல. ... வேலை இருக்கு, ஆனா சொல்லு. ... நான் வெக்கல. நீயே வை.

போயிட்டீங்களா? படியில நிக்கறீங்களா? அங்கிருந்தே கேட்டுக்குங்க தம்பி. வக்கீலும் இல்ல, போலீஸும் இல்ல, பொட்டியும் இல்ல. சரி பண்ணினது இவதான். என் பொண்டாட்டி.